ஒரு சாண் தூக்கி நிறுத்து

டிரான்ஸ்ஃபார்மர் சாய்ந்துவிட்டது. அறுபத்திரண்டு டன். சாய்த்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

சிரிக்காதீர். அந்தப் பேப்பரை மடித்து வையும். இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறீரே என்றுதான் உம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பின்னால் ஜன்னல் சீட் காலியாகத்தான் கிடக்கிறது. பாண்டரஸ். இந்த வார்த்தை தெரியுமா உமக்கு? தெரியாதா? நல்லது. பேப்பர் வாங்க மட்டும் தெரிந்திருக்கிறது.

நான் குரும்பூரில் இறங்குவேன். இன்னும் செய்துங்கநல்லூரே வரவில்லை. அதுவரை கேளும். பிடிக்காவிட்டால் தூங்கும். ஆனால் என் தோளில் சாயாதீர்.

நான் தூக்கு வேலைக்காரன். பாய்லர், ஜெனரேட்டர், பாலத்துக்குப் போடுகிற உத்திரம், எல்லாம் தூக்கி இறக்கியிருக்கிறேன். கிரேன் ஓட்டுகிறவன் வேறு. அவன் மேலே கூண்டுக்குள் இருப்பான். கீழே நின்று கை காட்டுகிறவன் நான். ஃபோர்மேன். அவன் கண் சுமையில் இருக்காது, என் கையில் இருக்கும். முப்பத்தொன்பது வருஷம். என் கும்பலில் ஒருத்தன் விரல்கூட நசுங்கியதில்லை. இல்லை, ஒருத்தனுக்கு நசுங்கியது. அது அவன் வீட்டுக் கதவில்.

எப்படி நசுங்காமல் இருந்தது என்று கேட்கமாட்டீரா? யாரும் கேட்கமாட்டார்கள். நானே சொல்கிறேன். எங்களிடம் ஒரு முறை உண்டு. எந்தச் சுமையானாலும் முதலில் ஒரு சாண் தூக்க வேண்டும். ஒரே சாண். நிறுத்த வேண்டும். வாயை மூட வேண்டும். அந்தரத்தில் தொங்குகிற சுமை முதலில் சாது மாதிரி நேராகத்தான் நிற்கும். கம்பி வடம் முறுக்கு விட்டு இறுகுகிறபோதுதான் குணத்தைக் காட்டும். எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் இறங்கும் என்று அப்போதுதான் தெரியும். வடம் முனகும். முனகி ஓய்ந்ததும் சுமை அடங்கும். இதை நாங்கள் மூச்சு விடுவது என்போம். சுமை மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த கை காட்டல். அதுவரை கீழே இருக்கிற டிரெய்லர் அசையக் கூடாது. ஏறுக்குமாறாகப் போனால் சுமை ஒரு சாண் கீழே, டிரெய்லர் மேல் போட்ட கட்டையில் உட்காரும். அவ்வளவுதான் சேதம்.

இதுதான் முறை. இதைத்தான் அந்தப் பயல் கெடுத்தான்.

நிரஞ்சன் என்று பேர். மேனேஜர். ஜனவரியில் வந்தான். என் கடைசி மகனைவிட நாலு வயது சின்னவன், சார் என்றுதான் கூப்பிட வேண்டும். சட்டைப்பையில் சின்ன பாட்டில் ஒன்று வைத்திருப்பான். எங்களுக்குக் கை கொடுப்பான், திரும்பி நின்று அந்தத் தண்ணியை ஊற்றித் தேய்ப்பான். எங்கள் முன்னாலேயே. எங்கள் கை கிரீஸ் கை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கொடுக்காதே. கொடுத்துவிட்டுத் தேய்க்காதே. சீ. 

முதல் வாரமே வந்து நின்றான்.

"மிஸ்டர் மாசிலாமணி, ஏன் நிக்குது?"

"மூச்சு விடுது சார்."

"யாரு?"

"சுமை."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு தூக்குக்குப் பதினோரு நிமிஷம் சும்மா நிற்கிறதாம். ஒரு நாளைக்கு இத்தனை தூக்கு, அப்படியானால் இத்தனை மணி நேரம் என்று அங்கேயே வாயால் பெருக்கினான். பெருக்கத் தெரிந்தவனெல்லாம் மேனேஜர்.

மார்ச்சில் எல்லாருக்கும் ஒரு ஃபாரம் வந்தது. ஒவ்வொருத்தனைப் பற்றியும் மேனேஜர் ஒரு வரி எழுதுவான். கீழே நாம் கையெழுத்துப் போட வேண்டும். என் ஃபாரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆனால் அர்த்தம் பாதிதான் பிடிபடும். நல்ல அனுபவஸ்தர், ஆனால் என்று போய் அந்த வார்த்தையில் முடிந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வார்த்தையை மட்டும் பேனாவால் முழங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஆபீஸில் புனிதா என்று ஒரு பிள்ளை. கிளார்க். அவளிடம் முழங்கையைக் காட்டினேன். போனில் தட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லு."

"விடுங்க அண்ணாச்சி. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? சொல்லு தாயி."

"கனமானதுன்னு போட்டிருக்கு. கனத்தால மெதுவா, தடுமாறி அசையுறது. மந்தம். அப்புறம்... அலுப்புத் தட்டுறது. பேச்சுக்கும் சொல்வாங்களாம், எழுத்துக்கும் சொல்வாங்களாம். உதாரணத்துக்கு யானை போட்டிருக்கு."

யானை மந்தம் என்று எவன் சொன்னான்? யானை ஓடிப் பார்த்திருக்கிறீரா? நான் பார்த்திருக்கிறேன். சங்கரன்கோவிலில். பந்தல்கால் பறந்தது.

போகட்டும். புனிதா இன்னொன்றும் சொன்னாள். அதுதான் விஷயம். எனக்கு வயது அறுபத்துநாலு. வருஷா வருஷம் ஜூனில் என் வேலையைப் புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் நிரஞ்சன் எழுதிவிட்டானாம்: மே மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வேலை இருக்கிறது, அதில் இந்த ஆள் எப்படி என்று பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யலாம். பார்த்துவிட்டு! முப்பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறான்.

மந்தம் என்றால் யார் தெரியுமா? நான் காட்டுகிறேன். என் கும்பலில் ஒருத்தன் இருந்தான். அம்மி. நான் வைத்த பேர். சேர்ந்த முதல் நாள் "ஏலே, அந்த ஷேக்கிளை எடு" என்றேன். ஷேக்கிள் என்றால் வடத்தை மாட்டுகிற இரும்பு வளையம். எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி திருப்பிப் பார்த்தான். மரை தேய்ந்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தான். அதற்குள் நான் ஒரு பீடி குடித்து முடித்துவிட்டேன். "நீ ஆளா, அம்மியா?" என்றேன். கும்பல் முழுக்கச் சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது. இருபத்துமூன்று வருஷம். அவன் சோறு தின்பதைப் பார்க்க வேண்டுமே. ஒரு கவளத்தை அரைத்துக்கொண்டே இருப்பான். நான் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, "அம்மி, அரைச்சாச்சா?" என்பேன். ஒன்றும் சொல்லமாட்டான். காலையில் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் சொல்கிற ஜாதி. இவனுக்கு எழுதியிருந்தால் நியாயம். எனக்கு எழுதுகிறான்.

பேர் வைத்தால் கோபப்படுவார்கள் என்கிறீரா? அவன் கோபப்பட்டதே இல்லை. அவனுக்கெங்கே அதெல்லாம்.

இது என்ன, செய்துங்கநல்லூரா? சரி.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. சோறு இறங்கவில்லை. வைகிறவன் யார் என்று தெரியும். வசவு எந்த ஊர்க்காரன் என்று தெரிய வேண்டாமா? பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்கோடியில் வயதான பாதர்கள் தங்குகிற வீடு ஒன்று இருக்கிறது. ரொசாரியோ பாதர் என்று ஒருவர், எண்பது தாண்டியவர். அந்தக் காலத்தில் லத்தீன் படித்தவர். அவரிடம் போனேன்.

முழங்கையில் வார்த்தை அழியாமல் தினமும் மேலேயே எழுதி வைத்திருந்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். உள்ளே போய் ஒரு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தூக்கவே ஒரு கிரேன் வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் நடுங்குகிறது, இரண்டு பக்கம் சேர்ந்து புரள்கிறது, மறுபடி பின்னால் வருகிறார். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"லத்தீன் வார்த்தை. போந்துஸ். போந்துஸ்னா எடை, கனம்" என்றார். "பவுண்டுன்னு நிறுக்கிறாங்களே, அதுவும் இதே குடும்பம்தான்."

"சரி."

"முதல்ல கனமானதுன்னு மட்டும்தான் அர்த்தம். மந்தம், அலுப்பு இதெல்லாம் பின்னால வந்தவங்க ஒட்டுனது."

"ஒட்டிட்டாங்கல்ல? அது போதும்."

"பொறுங்க, பொறுங்க. போந்துஸ் எங்கேயிருந்து வந்ததுன்னு பாத்தா, அதுதான் ருசி. டீ குடிப்பீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். கனம் என்றுதான் புனிதாவே சொல்லிவிட்டாளே. ஒரு வார்த்தைக்கு ஒரு சாயங்காலமா? வாசலுக்கு வந்த பிறகும் உள்ளேயிருந்து பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது.

அன்று ஒரு முடிவு செய்தேன். மந்தமா? நான் மந்தமா? காட்டுகிறேன்.

மே மாதம். கயத்தாறு பக்கம், காற்றாலைக்காரன் ஒருவன் கட்டுகிற சப்ஸ்டேஷன். டிரெய்லரில் டிரான்ஸ்ஃபார்மர் வந்து நிற்கிறது. ஒரு பக்கம் முழுக்க ரேடியேட்டர், எண்ணெய் ஓடுகிற தகடுகள். நாலு மூலையிலும் வடம் மாட்டியாயிற்று. தூக்க வேண்டும், டிரெய்லர் அடியிலிருந்து நகர வேண்டும், கிரேன் திருப்பிக் கான்கிரீட் மேடையில் வைக்க வேண்டும். காலை பத்து மணி. நிரஞ்சன் டிரெய்லருக்குப் பின்னால் நெருங்கி நின்று போனில் வீடியோ எடுக்கிறான். தலைமை ஆபீஸுக்கு அனுப்பவாம்.

"சார், தள்ளி நில்லுங்க" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

இதுதான் அவன் கேட்டது. தள்ளி நில் என்றவனிடம் எவ்வளவு நேரம் என்கிறான். எனக்குள் என்னவோ ஏறியது.

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

கை காட்டினேன். கிரேன் இழுத்தது. வடம் விறைத்தது. ஒரு சாண் எழும்பியது. நேராக நின்றது. உடனே விசிலை ஊதி டிரெய்லரைப் போகச் சொன்னேன். உடனே. கை காட்டியது என் கைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையை ஆட்டியது அந்த வார்த்தை. உமக்கு இது புரிய வேண்டும். அந்த வார்த்தையை அவன் எழுதாமல் இருந்தால் நான் ஏன் ஊதப் போகிறேன்?

டிரெய்லர் நகரவில்லை.

டிரெய்லர் மூக்குக்கு முன்னால் அம்மி நின்றுகொண்டிருந்தான். அங்கே நிற்பதுதான் அவன் வேலை. சுமை அடங்கியதும் விலகி டிரைவருக்கு வழி விட வேண்டும். விலகவில்லை.

"ஏலே அம்மி! நகருல!"

அவன் என்னைப் பார்த்தான். சுமையைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"இன்னும் மூச்சு விடல அண்ணாச்சி."

நான் மறுபடி ஊதினேன். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டியை உறுமவிட்டான். அம்மி இரண்டு கையையும் பம்பரில் ஊன்றிக்கொண்டான். நாற்பது சக்கர வண்டியைக் கையால் நிறுத்துகிறானாம். காது கூசுகிற வார்த்தை ஒன்றால் நான் அவனைத் திட்டினேன். கும்பல் முன்னால். நிரஞ்சன் முன்னால். அவன் போனில் அதுவும் பதிவாகியிருக்கிறது. அம்மி நகரவில்லை.

அப்போது வடம் முனகியது.

ரேடியேட்டர் பக்கம் இறங்கியது. மெல்ல இல்லை. மாடு மண்டியிடுகிற மாதிரி சட்டென்று. ஒரு சாண் கீழே கட்டையில் மோதியது. ரேடியேட்டர் தகடு நாலு மடங்கியது. எண்ணெய் கொட்டியது. டிரெய்லர் குலுங்கியது, ஆனால் தாங்கியது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

டிரெய்லர் போயிருந்தால் அந்தப் பக்கம் மனிதன் நெஞ்சுயரத்திலிருந்து இறங்கியிருக்கும். அது இறங்குகிற இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றான். உடனே ஓடவும் இல்லை. சட்டையெல்லாம் எண்ணெய். அந்தச் சின்ன பாட்டிலை எடுத்தான். மூடி திறக்க வரவில்லை.  நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

எனக்கும் கை வரவில்லை. வெயில். மே மாத வெயில் உமக்குத் தெரியும். சுமை கோணலாகக் கிரேனில் தொங்கியும் தொங்காமலும் கிடக்கிறது. கூண்டுக்குள் இருக்கிறவன் என் கையையே பார்க்கிறான். கை எழும்பவில்லை. தோளிலிருந்து அறுந்த மாதிரி.

அம்மி நடந்து வந்தான். நடை அதே நடை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினான். நான் நின்ற இடத்தில் வந்து நின்றான். நான் தள்ளி நின்றேன். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

சுமையை முழுக்க இறக்கி உட்காரவைத்தான். ரேடியேட்டர் பக்கத்து வடத்தில் ஷேக்கிளை மாற்றினான். ஒவ்வொன்றையும் துடைத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கை காட்டினான். ஒரு சாண். நிறுத்து. முஷ்டியை மூடிக்கொண்டு நின்றான்.

 வடம் முனகிற்று. ஓய்ந்தது. மறுபடி ஒரு தடவை முனகிற்று. அவன் நின்றான். நிரஞ்சன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தது நான்தான். பதினாலு நிமிஷம். என்னைவிட மூன்று நிமிஷம் அதிகம்.

பிறகு தலையை ஆட்டினான். டிரெய்லர் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் போய், கைக்குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி உட்கார்ந்தது.

மறுநாள் நிரஞ்சன் என்னைக் கூப்பிட்டான். விபத்து அறிக்கை எழுத வேண்டுமாம். யார் நிறுத்தியது என்று ஒரு கட்டம் இருக்கிறது.

"அவர் பேர் என்ன?"

"அம்மி."

"நிஜப் பேர்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. இருபத்துமூன்று வருஷம், ஒரே லாரியில் போய் ஒரே பாயில் தூங்கியிருக்கிறோம். வரவில்லை.

"ஒரு தொழிலாளின்னு போடுங்க சார்" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மந்தமான ஆளைப் பார்க்கிற மாதிரி இல்லை. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. ஜூன் வரை நான் காத்திருக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அனுப்பவில்லை, தெரியுமா? இருங்கள் என்றான். அந்தத் தயவு யாருக்கு வேண்டும்? தூ.

ஆழ்வார்திருநகரி தாண்டியாயிற்றா? இந்த டிரைவர் பரவாயில்லை.

வீட்டில் சும்மா கிடந்தபோது மறுபடி ரொசாரியோ பாதரிடம் போனேன்.

"அன்னைக்கு விட்ட எடத்துலேருந்து சொல்லும்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அகராதி அதே மேசையில், அதே பக்கத்தில் விரித்தே கிடந்தது. இரண்டு மாதமாக. அது என்ன பழக்கமோ.

"போந்துஸுக்கு மூலம் பெந்தெரே. பெந்தெரேன்னா தொங்கவிடுறது" என்றார். "ஒரு பொருளோட கனம் பாத்தா தெரியாது பாருங்க. தராசைக் கையில தூக்கி, அதுல மாட்டித் தொங்கவிட்டு, அது ஆடி அடங்குற வரைக்கும் பொறுக்கணும். அப்போதான் தெரியும். அதனால தொங்குறதுலேருந்து எடை வந்தது. எடையிலேருந்து கனம் வந்தது. இன்னொண்ணும் வந்தது. யோசிக்கிறது. ஒரு விஷயத்தை மனசுல தொங்கவிட்டுப் பாக்கிறதுக்கும் அதே வேர்தான். நாமளும் சீர்தூக்கிப் பாக்கிறதுன்னுதானே சொல்றோம்."

முன்னால் வைத்திருந்த டீயை நான் இன்னும் தொடவில்லை.

"அன்னைக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன். டீ கூடப் போட்டிருந்தாங்க" என்றார்.

குடித்தேன். ஆறிப்போன டீ. வாயில் வைக்கச் சகிக்கவில்லை.

தொங்கவிட்டு, அடங்குகிற வரை பொறு. இதுதான் அந்த வார்த்தை. இது தெரியாமல் அந்தப் பயல் எனக்கு எழுதியிருக்கிறான். தப்பான ஆளுக்கு எழுதியிருக்கிறான் என்று அப்போதே நான் சொன்னேனா இல்லையா? அம்மிக்கு எழுதியிருந்தால் நியாயம் என்று. உம்மிடம்கூடச் சொன்னேன்.

என்ன பார்க்கிறீர்? பையில் என்னவா? விசில். பித்தளை. முப்பத்தொன்பது வருஷம் என் கழுத்தில் கிடந்தது. வீட்டில் கிடந்து பச்சை பிடிக்கிறது, வேறொன்றுமில்லை. இப்போது அம்மிதான் ஃபோர்மேன். பிளாஸ்டிக் விசில் வைத்து ஊதுகிறானாம், புனிதா சொன்னாள். பிளாஸ்டிக்! கிரேன் சத்தத்தில் எவன் காதில் விழும்? அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உட்காரக்கூடமாட்டேன். உட்கார்ந்தால் அவன் வாய் திறக்கச் சாயங்காலம் ஆகும். ஆனால் ஆகட்டும்.

தென்திருப்பேரை வந்துவிட்டது. அடுத்தது குரும்பூர். கொஞ்சம் காலை ஒதுக்கும்.

ஊருக்குள் யாரிடமாவது வீடு கேட்க வேண்டும். அம்மி வீடு எது என்று கேட்டால் கல் கொத்துகிறவன் வீட்டைக் காட்டுவார்கள். நிஜப் பேரைப் புனிதாவிடம் கேட்டு வாங்கி, மறக்காமல் இருக்க முழங்கையில் எழுதி வைத்திருக்கிறேன். பாரும், அந்த வார்த்தை இருந்த இடத்திலேயே. பாளையங்கோட்டையிலிருந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். இறங்கியதும் முதல் ஆளிடம் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

சுயம்புலிங்கம் வீடு எது?